கையிருப்பு: அந்தக் ‘கை’க்கு என்ன பொருள்?

வாரம் தவறாமல் ஒரு செய்தி வரும்: இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இத்தனை கோடி டாலர் கூடியது, அல்லது குறைந்தது. மேட்டூர் அணையைப் பற்றி அன்றாடம் இன்னொரு செய்தி: நீர் இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). வளைகுடாவில் ஏதாவது பதற்றம் என்றால் உடனே ‘கச்சா எண்ணெய் எத்தனை நாளுக்குக் கையிருப்பு?’ என்ற கேள்வி கிளம்பிவிடும். ரத்த வங்கி, நெல் கிடங்கு, மருந்துக் கிடங்கு, கம்பெனியின் ஆண்டறிக்கை, எங்கே பார்த்தாலும் இதே சொல்தான் புழங்குகிறது. படிக்கிறவர் மனதில் எழும் படமும் ஒன்றேதான்: எங்கேயோ பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படம் பல நேரம் பொய்த்துப் போகிறது. சொல்லின் பின்பாதியான ‘இருப்பு’ நமக்குப் பளிச்சென்று தெரிகிறது, முன்பாதியான ‘கை’யைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம் என்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் கட்சி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘இரு’ என்ற வினையிலிருந்து வந்தது இருப்பு. இருப்பது எதுவோ அதெல்லாம் இருப்பு. உயிரோடு இருப்பதும், ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதும், கணக்கில் மிஞ்சியிருப்பதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மனம் ஒரு நிலையில் இல்லாதபோது ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்கிறோமே, அங்கே இருப்பு என்பது ஓரிடத்தில் நிலையாக இருத்தல். (இருப்புப் பாதையில் உள்ள இருப்பு வேறு. அது இரும்பு என்ற சொல், பாதையோடு சேரும்போது இருப்பு என்று வல்லினமாகத் திரிந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

கணக்குப் புத்தகத்தில்தான் இந்தச் சொல்லுக்குச் சரியான வேலை. சரக்குப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தால் தேதிக்குப் பக்கத்தில் ஆரம்ப இருப்பு, அப்புறம் வரவு, மொத்தம், வழங்கியது, கடைசிக் கட்டத்தில் மீதி இருப்பு. இன்று சாயங்காலம் கடைசிக் கட்டத்தில் எழுதுகிற எண்தான் நாளைக் காலையில் முதல் கட்டத்துக்குப் போகும். அதாவது இருப்பு என்பது ஒரு நொடியின் கணக்கு, நடுவே ஓடிக்கொண்டிருக்கும் வரவும் செலவும் அந்த எண்ணுக்குள் தெரியாது. சேமிப்பு அப்படியில்லை, அதில் ஒருவருடைய நோக்கம் இருக்கிறது, பின்னால் உதவும் என்று திட்டமிட்டு ஒதுக்கி வைத்தது. வைப்பு என்றால் இன்னொரு இடத்தில் கொண்டுபோய் வைத்தது, வங்கியில் வைப்புத்தொகை என்பது போல. மீதி என்றால் செலவானது போக நின்றது. இருப்புக்கு இந்த வகையான பின்கதை எதுவும் கிடையாது. ஏன் வந்தது, யார் வைத்தார்கள், எதற்காக என்று எதையும் அது சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

அதன் முன்னால் ‘கை’ சேரும்போது பொருள் இறுகுகிறது. தமிழில் கை சேர்ந்த பணச் சொற்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள்: கைப்பொருள், கைக்காசு, கைமுதல், கைவசம். எல்லாவற்றிலும் கை என்றால் இன்னொருவரைக் கேட்காமல், தாமதமில்லாமல், நானே எடுத்துச் செலவழிக்கக்கூடியது என்று அர்த்தம். ஊரில் நிலம் இருக்கிறது என்பதற்காக யாரும் அதைக் கைக்காசு என்று சொல்லமாட்டார்கள். கடனாகப் போன பணம் எத்தனை நம்பகமான ஆளிடம் இருந்தாலும் அது கையிருப்பில் சேராது, வர வேண்டிய பாக்கியில்தான் சேரும். பேச்சு வழக்கில் இவ்வளவு கறாராக இருக்கிற நாம், செய்தியிலும் அறிக்கையிலும் மட்டும் ஏனோ எல்லா இருப்பையும் கையிருப்பு ஆக்கிவிடுகிறோம்.

இந்த வித்தியாசம் ஒரு நாட்டையே எப்படி உலுக்கும் என்பதற்கு 2022ன் இலங்கையைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2019 முடியும்போது இலங்கையின் அலுவல்முறை அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 760 கோடி டாலர். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. அந்த ஏப்ரல் கடைசியில்கூடப் பதிவேட்டில் ஏறத்தாழ 180 கோடி டாலர் இருந்தது. ஆனால் மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்ன எண் வேறு: உண்மையில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே. 180 எங்கே, 5 எங்கே? இடைவெளியில் பெரும்பகுதி சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத் தொகை, 150 கோடி டாலர் அளவுக்கான யுவான். கணக்கில் அதைக் காட்டலாம், ஆனால் எடுத்துச் செலவு செய்ய நிபந்தனைகள் இருந்தன. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, இங்கே கைக்கே எட்டவில்லை. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு முந்தைய மாதங்களில் 200 கோடி டாலர் அளவில் வந்துகொண்டிருந்த எண்கள் எந்த எச்சரிக்கையையும் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டு எண்களையும் முதலிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் பல பேருக்கு முன்கூட்டியே புரிந்திருக்கும்.

இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் இதற்கு ‘ஒதுக்கு’ என்ற சொல்லைக் காணலாம், அலுவல்சார் ஒதுக்குகள் என்று. இந்தியத் தமிழருக்கு ஒதுக்கீடு என்றால் வேறு நினைவுதான் வரும் என்றாலும், அந்தச் சொல் ஒரு வகையில் நேர்மையானது. ஒதுக்கி வைத்தது என்று மட்டும் சொல்கிறது, கையில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

இந்தியாவுக்கும் இதே அனுபவம் உண்டு. 1991 நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 100 கோடி டாலர் சொச்சத்துக்கு இறங்கி, இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. ரிசர்வ் வங்கியிடம் தங்கம் இருந்தது. ஆனால் பெட்டகத்துக்குள் இருக்கும் தங்கத்தைக் கொடுத்து எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாது. சுமார் 47 டன் தங்கத்தை அந்த ஜூலையில் விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி, அதை ஈடாக வைத்துத்தான் ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் வாங்க முடிந்தது. கடன் கொடுக்கிறவர்களுக்குத் தங்கம் இந்தியாவில் இருக்கிறது என்ற சொல் போதவில்லை, தங்கள் இடத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. இருப்பு கையிருப்பாக மாற ஒரு விமானப் பயணம் தேவைப்பட்டது என்று சொல்லலாம்.

ரஷ்யாவுக்கு நடந்தது இதன் மறுபக்கம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்தபோது அதன் கையிருப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதி, சுமார் 30,000 கோடி டாலர், மேற்கு நாடுகளின் நாணயங்களிலும் பத்திரங்களிலும் அவர்களுடைய அமைப்புகளுக்குள் இருந்தது, சில நாட்களில் முடக்கப்பட்டது. யாரும் எதையும் திருடவில்லை, கணக்குப் புத்தகத்தில் அந்த எண் அப்படியே நின்றது, தொட மட்டும் முடியவில்லை. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் மத்திய வங்கிக்கு அமெரிக்காவில் இருந்த சுமார் 700 கோடி டாலருக்கும் இதே கதி. ஆக, அந்நியச் செலாவணியைப் பொறுத்தவரை கை என்பது எங்கே வைத்திருக்கிறோம், எந்த நாணயத்தில், யாருடைய சட்டத்துக்குக் கீழே என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். இந்திய ரிசர்வ் வங்கி 2023-24ல் இங்கிலாந்தில் இருந்த 100 டன் தங்கத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் அதனிடம் இருந்த சுமார் 854 டன்னில் 510 டன் இந்தியாவுக்குள் இருந்தது. அந்த 100 டன் இடம் மாறியதால் மொத்த எண்ணில் ஒரு கிராம்கூட மாறவில்லை, கை மட்டும் மாறியது.

வாராவாரம் வரும் அந்த எண்ணுக்குள்ளும் நான்கு வகை கலந்திருக்கிறது. வெளிநாட்டு நாணயச் சொத்துகள்தான் பெரும்பங்கு, அடுத்தது தங்கம், பிறகு சர்வதேச நாணய நிதியம் உறுப்பு நாடுகளுக்கு ஒதுக்கும் சிறப்பு எடுப்பு உரிமைகள் (எஸ்டிஆர்), கடைசியாக அந்த நிதியத்தில் நமக்குள்ள இருப்புநிலை, அதாவது அங்கிருந்து தேவைப்படும்போது நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய நம் பங்கு. தங்கம் விலை ஏறினால் ஒரு டாலர்கூடப் புதிதாக வராமலேயே ‘கையிருப்பு உயர்ந்தது’ என்று செய்தி வரும். டாலருக்கு எதிராக யூரோ வலுத்தாலும் அப்படியே, ஏனென்றால் யூரோவில் வைத்திருப்பதையும் டாலரில்தான் எழுதுகிறார்கள்.

எண்ணெய்க்கு வருவோம், இங்கே குழப்பம் இன்னும் ஆழம். எண்ணெய்க் கையிருப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் உலவுகின்றன. ஒன்று, பூமிக்கு அடியில் இன்னும் தோண்டாமல் கிடப்பது. மற்றது, தோண்டி, வாங்கி, அவசரத்துக்கென்று பாதுகாத்து வைத்திருப்பது. வெனிசுலாவிடம் உலகிலேயே அதிகக் கையிருப்பு இருக்கிறது என்று எழுதும்போது முதல் வகையைச் சொல்கிறார்கள், சுமார் 30,000 கோடி பீப்பாய். அதற்குக் கையிருப்பு என்ற சொல் எனக்கு ஒப்பவே ஒப்பாது. மண்ணுக்குள் கிடப்பதை எண்ணெய் இருப்பு என்றோ எண்ணெய் வளம் என்றோ சொல்லிவிட்டுப் போகலாம்.

அந்த இருப்பும் நாம் நினைப்பது போல அளந்து பார்த்த எண் கிடையாது. இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், லாபத்தோடு எடுக்க முடியும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பங்கை மட்டும்தான் நிரூபிக்கப்பட்ட இருப்பு என்பார்கள். அதனால் மண்ணுக்குள் எதுவும் நகராமலேயே எண் ஏறும், இறங்கும். கனடாவின் எண்ணெய் மணலைக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2002 கடைசியில் ஒரு தொழில் இதழ் முடிவு செய்தவுடன், அந்த நாட்டின் இருப்பு சுமார் 490 கோடி பீப்பாயிலிருந்து 18,000 கோடி பீப்பாய்க்குத் தாவியது. எதிர்த்திசையில், 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் நிரூபிக்கப்பட்ட இருப்பில் ஐந்தில் ஒரு பங்கை, 390 கோடி பீப்பாய் எண்ணெய்க்கு ஈடான அளவை, வகை மாற்றி எழுதியது. ஒரு சொட்டும் ஆவியாகவில்லை, ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று. முதலீட்டாளர்கள் அந்த எண்ணைக் கையில் இருப்பதாக நம்பித்தான் பங்கு வாங்கியிருந்தார்கள்.

இரண்டாவது வகைக்குத்தான் கையிருப்பு என்ற பெயர் பொருந்தும். 1973ன் அரபு எண்ணெய்த் தடைக்குப் பிறகு அமெரிக்கா 1975ல் சட்டம் போட்டு டெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் உப்புக் குகைகளில் எண்ணெய் சேர்க்க ஆரம்பித்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 71 கோடி பீப்பாய். இந்தியா விசாகப்பட்டினம், மங்களூரு, பாடூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன் கொள்ளும் அளவுக்குக் கிடங்கு கட்டியிருக்கிறது. முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும் என்பது அரசின் கணக்கு. கொள்ளளவு வேறு, உள்ளே இருப்பது வேறு என்பதைச் செய்திகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. அதோடு, இருப்பதெல்லாம் ஒரே நாளில் வெளியே வராது. அமெரிக்கக் குகைகளிலிருந்து நாளொன்றுக்கு அதிகபட்சம் 44 லட்சம் பீப்பாய்தான் எடுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அதிபர் உத்தரவு போட்ட பிறகு எண்ணெய் சந்தைக்கு வர 13 நாள் ஆகும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறையே சொல்கிறது. தொட்டி எவ்வளவு பெரிது என்பதோடு குழாய் எவ்வளவு தடிமன் என்றும் கேட்டால்தான் கணக்கு முடியும்.

தண்ணீருக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு அணையிலும் கடைசி மதகுக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பொறியாளர்கள் டெட் ஸ்டோரேஜ் என்பார்கள். மொத்தக் கொள்ளளவில் அது சேர்ந்திருக்கும், வாய்க்காலுக்கு வராது. 2018ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் குழாய்களை மூடும் நாள் என்று ஒன்றைக் குறித்து வைத்திருந்ததே, அது அணைகள் வறண்டுபோகும் நாளாகக் கணக்கிட்டதல்ல. இருப்பு 13.5 சதவீதத்துக்கு வந்துவிட்டால் மூடுவது என்று முடிவு செய்திருந்தார்கள், ஏனென்றால் கடைசிப் பத்து சதவீதத்தை எடுப்பது கடினம். நேர்மாறான உதாரணம் சென்னை. 2017லும் 2019லும் ஏரிகள் வற்றியபோது சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரை இறைத்து, சுத்திகரித்து நகருக்குக் கொடுத்தார்கள். அதுவரை எந்த நீர் இருப்புப் பட்டியலிலும் இல்லாத தண்ணீர் அது, ஒரு மோட்டாரும் குழாயும் போட்டவுடன் கையிருப்பு ஆனது.

கம்பெனிக் கணக்கில் வரும் ‘ரிசர்வ்’ பற்றியும் சொல்லியாக வேண்டும், பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் அது. ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) ரிசர்வ், உபரி என்று ஆயிரம் கோடி போட்டிருந்தால் அந்த நிறுவனத்திடம் ஆயிரம் கோடி ரொக்கம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வரி மூலதனத்தோடு சேர்ந்து நிற்கும் வரி. இத்தனை வருட லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் நிறுவனத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்ட தொகையின் கூட்டல் அது, அவ்வளவுதான். அந்த லாபம் இந்நேரம் இயந்திரமாகவோ கட்டடமாகவோ வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாகவோ மாறியிருக்கலாம். கையிருப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சொத்துப் பக்கத்தில் ‘ரொக்கம், வங்கி இருப்பு’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் கொழுத்தும் ரொக்கம் வறண்டும் இருக்கிற நிறுவனம் சம்பளம் போட முடியாமல் திணறுவது நடக்கக்கூடியதே.

நம் உடம்புக்குள்ளேயே இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரல் சுமார் 100 கிராமும், தசைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 400 கிராமும் வைத்திருக்கும். பெரிய இருப்பு தசையில்தான். ஆனால் அதை ரத்தத்துக்குச் சர்க்கரையாகத் திருப்பிக் கொடுக்கத் தேவையான நொதி தசையில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. பட்டினி கிடக்கும்போது முதலில் மூளைக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரலின் அந்தச் சின்ன இருப்புதான், தசையின் 400 கிராமும் தசைக்கு மட்டும். ரத்த வங்கியிலோ காலம்தான் கட்டுப்பாடு: சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள், தட்டணுக்கள் 5 நாள் அளவுக்குத்தான் தாங்கும். போன வாரம் நூறு பை தட்டணு இருந்தது என்பது இந்த வாரத்துக்கு எந்த வகையிலும் உதவாது.

பதுக்கல் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. கிடங்கில் கிடக்கும் அதே மூட்டைகள் பதிவேட்டில் ஏறியிருந்து, அரசு குறித்த வரம்புக்குள் இருந்தால் இருப்பு, மறைத்தால் பதுக்கல். இந்தியாவில் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955 அந்த வரம்பைப் போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது எளிமையானது: எடுத்துச் செலவழிக்கக்கூடியதற்கு மட்டும் கையிருப்பு, மற்றதற்கெல்லாம் இருப்பு. படிக்கிறவர்களுக்கு மேட்டூர்ச் செய்தியின் அமைப்பே நல்ல பாடம். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. ஆகவே வரத்தைவிட வெளியேற்றம் 12,000 கனஅடி கூடுதலாக இருக்கிறது என்றால் தினமும் ஒரு டிஎம்சிக்கு மேல் குறைகிறது, 40 டிஎம்சி இருந்தால் நாற்பது நாள்கூடத் தாங்காது என்று டெல்டா விவசாயி மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

அந்நியச் செலாவணிச் செய்தியில் இந்த வசதி இல்லை, வெறும் இருப்பு மட்டும் வருகிறது. இத்தனைக்கும் ரிசர்வ் வங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் கையிருப்பு நிர்வாக அறிக்கையில், இருப்பது எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும், ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய குறுகிய காலக் கடன் அதில் எத்தனை சதவீதம், தங்கத்தில் எவ்வளவு வெளிநாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் இருக்கிறது. வாராந்திரச் செய்தியின் கடைசியில் இந்த மூன்றையும் ஒரு வரியாகச் சேர்த்துப் போட அரைப் பத்தி இடம் போதும்.